கடற்கரைச் செடியை வெட்டலாமா? முட்டையிட வரும் ஆமைகளும் ஊர்த் தகராறுகளும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கடலோர நகர மன்றக் கூட்டங்களில் அடிக்கடி எழும் ஒரு தகராறு உண்டு. கடற்கரை மணல்மேட்டில் அடர்ந்து வளர்ந்திருக்கும் செடிகளை வெட்ட வேண்டுமா, வேண்டாமா என்பதே அது. கடலைப் பார்க்கவே அதிக விலை கொடுத்து வீடு வாங்கினோம், இப்போது இலைகளைத்தான் பார்க்கிறோம் என்பது ஒரு தரப்பின் குறை. செடியை வெட்டினால் நகரத்து வெளிச்சம் மணலில் விழும், ஆமைக் குஞ்சுகள் வழிதவறிச் சாகும் என்பது மறுதரப்பின் கவலை.

வெளியிலிருந்து பார்த்தால் இது தோட்ட வேலை தொடர்பான சிறிய வாக்குவாதமாகத் தெரியலாம். ஆனால், இதன் பின்னணியில் உயிரியல், சட்டம், சொத்து மதிப்பு, பொதுப் பாதுகாப்பு எல்லாம் கலந்திருக்கின்றன. கடலாமைகள் முட்டையிட வரும் மலேசியக் கடற்கரைகளுக்கும் இதில் பாடம் உண்டு.

கடல் திராட்சை என்ற செடி

ஃபுளோரிடா தகராறுகளின் மையத்தில் இருப்பது 'கடல் திராட்சை' என்று அங்கே அழைக்கப்படும் தாவரம். தட்டு போன்ற வட்டமான, தடித்த இலைகளும் திராட்சைக் கொத்துபோல் தொங்கும் காய்களும் கொண்டது. கரீபியன் வட்டாரத்துக்கும் ஃபுளோரிடாவுக்கும் உரிய மண்ணின் மரம். உப்புக் காற்றைத் தாங்கும். காற்று பலமாக அடிக்கும் இடத்தில் புதராகப் படரும். சற்று மறைவு கிடைத்தால் மரமாக உயரும்.

மணல்மேட்டில் இதற்குத் துணையாக வேறு பல தாவரங்களும் வளர்கின்றன. 'கடல் ஓட்ஸ்' எனப்படும் உயரமான புல் ஒன்று. மற்றொன்று தமிழர்களுக்கு நன்கு பழக்கமான அடம்புக் கொடி. ஆட்டுக் குளம்பு வடிவ இலையும் ஊதா நிறப் பூவும் கொண்ட அந்தக் கொடியை மலேசியாவின் கிழக்குக் கரையிலும் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் காணலாம்.

இந்தச் செடிகள் செய்யும் முதல் வேலை மணலைப் பிடித்து வைப்பது. காற்றில் பறந்து வரும் மணலை இலையும் தண்டும் தடுத்து நிறுத்துகின்றன. வேர்கள் அதைக் கட்டிப் போடுகின்றன. புயல் அலை வரும்போது இந்த மணல்மேடுதான் பின்னால் இருக்கும் சாலைக்கும் வீடுகளுக்கும் முதல் அரண். அதனால்தான் கடல் ஓட்ஸ், கடல் திராட்சை ஆகிய இரண்டையும் பொது நிலத்திலிருந்து வெட்டுவதோ பறிப்பதோ குற்றம் என்று ஃபுளோரிடா மாநிலச் சட்டமே பெயர் குறிப்பிட்டுச் சொல்கிறது. தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி தேவை.

ஆமைக்கும் இலைக்கும் என்ன தொடர்பு?

கடலாமை இரவில்தான் பெரும்பாலும் கரையேறும். பெண் ஆமை மணலில் குழி தோண்டி, ஏறக்குறைய 100 முட்டைகளை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஒரே பருவத்தில், ஏறக்குறைய இரண்டு வார இடைவெளியில், பலமுறை கரையேறும். முட்டைகள் மணலின் சூட்டில் ஏறக்குறைய இரண்டு மாதங்களில் பொரிக்கும். குஞ்சுகள் ஒன்றாக மேலேறி, இரவின் இருட்டில் கடலை நோக்கி ஓடும்.

தாய் அருகில் இல்லை. வழி சொல்ல யாரும் இல்லை. அப்படியிருக்க, கடல் எந்தப் பக்கம் என்று குஞ்சுக்கு எப்படித் தெரிகிறது? ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் சோதித்துக் கண்ட விடை எளியது. இயற்கையான கடற்கரையில், நிலப்பக்கம் மணல்மேடும் செடிகளும் உயரமான கரிய நிழலாகத் தெரியும். கடல்பக்கம் தாழ்வாகவும் சற்று வெளிச்சமாகவும் இருக்கும். குஞ்சுகள் உயரமான இருட்டிலிருந்து விலகி, தாழ்வான வெளிச்சத்தை நோக்கிச் செல்கின்றன. அந்த இரண்டு அடையாளங்களே அவற்றின் வழிகாட்டி.

கட்டடங்களும் தெருவிளக்குகளும் வந்த பிறகு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. நிலப்பக்கம் கடலைவிட வெளிச்சமாகிறது. குஞ்சுகள் சாலையை நோக்கிப் போகின்றன. காரில் அடிபட்டும், நண்டுக்கும் நரிக்கும் பறவைக்கும் இரையாகியும், விடிந்த பிறகு வெயிலில் வற்றியும் இறக்கின்றன. கடலை அடைந்தாலும், பல மணி நேரம் அலைந்த களைப்பில் நீந்தும் வலு குறைந்துவிடும்.

இங்கேதான் செடியின் இரண்டாவது வேலை வருகிறது. மணல்மேட்டில் அடர்ந்த செடி இருந்தால் அது ஒரே நேரத்தில் இரண்டு உதவிகளைச் செய்கிறது: பின்னால் இருக்கும் விளக்கை மறைக்கிறது, குஞ்சுகள் விலகி ஓட வேண்டிய கரிய நிழலைத் தருகிறது. செடியின் உயரத்தைக் குறைத்தால் இரண்டும் குறையும்.

தாய் ஆமைகளுக்கும் வெளிச்சம் தடைதான். ஃபுளோரிடாவின் மெல்பர்ன் கடற்கரையிலும் கோஸ்டா ரிக்காவின் டோர்டுகேரோவிலும் பிளேர் விதரிங்டன் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனை 1992-இல் வெளியானது. பாதரச ஆவி விளக்கின் வெள்ளொளி விழுந்த பகுதியில் முட்டையிட வரும் ஆமைகள் வெகுவாகக் குறைந்தன. மஞ்சள் நிறச் சோடிய விளக்கு எரிந்த பகுதியில் அப்படிக் குறையவில்லை. விளக்கின் நிறமும் முக்கியம் என்பதை அந்தச் சோதனை காட்டியது.

போக்கா ராட்டன் நகரக் கடற்கரையில் மைக்கேல் சால்மன் குழுவினர் நடத்திய மற்றோர் ஆய்வு 1995-இல் வெளியானது. அடுக்குமாடிக் கட்டடங்கள், உயரமான மரத் தொகுதிகள் போன்றவற்றின் முன்னால்தான் பெருந்தலை ஆமைகள் அதிகமாக முட்டையிட்டன என்று அது கண்டது. பின்னால் இருந்த நகரத்தின் வெளிச்சத்தை அந்த உயரமான பொருள்கள் மறைத்ததே காரணம். நகரத்துக் கடற்கரையில் ஆமைக்குத் தேவைப்படுவது ஒரு நல்ல திரை என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

வெட்டச் சொல்பவர்களின் வாதம்

செடியை வெட்டச் சொல்பவர்கள் எல்லாரும் ஆமைக்கு எதிரிகள் என்று நினைப்பது தவறு. அவர்கள் முன்வைக்கும் காரணங்கள் பல.

முதலாவது, காட்சியும் சொத்து மதிப்பும். டெல்ரே பீச், போக்கா ராட்டன் போன்ற தென்கிழக்கு ஃபுளோரிடா நகரங்களில் கடலோரச் சாலையில் காரில் போகிறவர்களும் நடக்கிறவர்களும் முன்பு கடலைப் பார்க்க முடிந்தது. செடிகள் வளர்ந்த பிறகு பல இடங்களில் அது முடியவில்லை. கடற்காட்சியை நம்பியிருக்கும் தங்கும் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் இது வருமானப் பிரச்சினை.

இரண்டாவது, பாதுகாப்பு. அடர்ந்த புதர் மறைவிடமாகிறது என்றும், சாலையிலிருந்து கடற்கரையில் நடப்பது தெரிவதில்லை என்றும் குடியிருப்பாளர்கள் சொல்கிறார்கள்.

மூன்றாவது வாதம் சுற்றுச்சூழல் சார்ந்தது. எளிதில் ஒதுக்க முடியாதது. கடல் திராட்சை கட்டுப்பாடின்றிப் படர்ந்தால் அதன் அகன்ற இலைகள் கீழே வெயில் படாமல் செய்துவிடும். கடல் ஓட்ஸ், அடம்புக் கொடி, சிறு பூச்செடிகள் ஆகியவை வெயில் இல்லாமல் மறையும். பலவகைச் செடிகள் இருந்த மணல்மேட்டில் ஒரே செடி மட்டும் மிஞ்சும். எனவே அளவோடு வெட்டுவது மணல்மேட்டுக்கு நல்லது என்கிறார்கள்.

வெட்ட வேண்டாம் என்பவர்களின் வாதம்

எதிர்த்தரப்பு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. பலவகைச் செடி வேண்டும் என்றால் சில இடங்களில் மட்டும் இடைவெளி விட்டு, அங்கே மற்றச் செடிகளை நட்டு வளர்க்கலாம். நீண்ட தூரத்துக்கு ஒரே உயரத்தில் வேலிபோல் வெட்டுவது காட்சிக்காகச் செய்யப்படுவதே தவிர செடிக்காக அல்ல என்பது அவர்கள் கருத்து.

மேலும், ஒருமுறை வெட்டினால் பிரச்சினை முடிவதில்லை. கடல் திராட்சை வேகமாகத் துளிர்க்கும். மீண்டும் மீண்டும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளிச்சம் கசியும். பயனை அனுபவிப்பவர் பகலில் சன்னல் வழியே கடலைப் பார்க்கிறார். இழப்பு நள்ளிரவில், யாரும் பார்க்காத நேரத்தில் நடக்கிறது. அதனால் தீமை இல்லை என்று நினைப்பது எளிது.

இதைவிட முக்கியமான சிக்கல் காலம். பெருந்தலை ஆமை முட்டையிடும் வயதை அடைய ஏறக்குறைய 25 முதல் 35 ஆண்டுகள் ஆகும். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் அந்த வயதை எட்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இன்று குஞ்சுகள் அழிந்தால், முட்டையிட வரும் ஆமைகள் குறைவது ஒரு தலைமுறை கழித்தே தெரியும். அப்போது செடியை வளரவிட்டுப் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஃபுளோரிடா இந்த விவகாரத்தில் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் முட்டையிடும் பெருந்தலை ஆமைகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு அந்த ஒரே மாநிலத்துக்கு வருகின்றன. 2023-ஆம் ஆண்டில் மட்டும் 1 லட்சத்து 33 ஆயிரத்துக்கும் அதிகமான பெருந்தலை ஆமை முட்டைக்குழிகள் அங்கே கணக்கிடப்பட்டன. இது சாதனை எண்ணிக்கை. மெல்பர்ன் கடற்கரைக்கும் வபாசோ கடற்கரைக்கும் இடையே ஏறக்குறைய 20 மைல் நீளப் பகுதி, ஆமை ஆய்வின் முன்னோடியான ஆர்ச்சி கார் பெயரில் 1991-இல் தேசிய வனவிலங்குச் சரணாலயம் ஆனது.

பெருந்தலை ஆமை 1978 முதல் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஃபுளோரிடா மாநிலம் கடற்கரையோரம் ஒரு கட்டுமானக் கட்டுப்பாட்டுக் கோட்டை வரைந்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கடல்பக்கமாக நிலத்தையோ மணல்மேட்டுச் செடிகளையோ பாதிக்கும் வேலை செய்வது மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. முட்டையிடும் பருவம் தென்கிழக்குக் கரையில் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை. மற்றப் பகுதிகளில் மே 1-இல் தொடங்குகிறது. அதனால் செடி வெட்டும் வேலையைக் குளிர்கால மாதங்களுக்குத் தள்ளி வைப்பது வழக்கம்.

கடற்கரை விளக்குகளுக்கு மாநிலம் ஒரு மாதிரி விதிமுறையை வகுத்திருக்கிறது. அதைப் பின்பற்றிப் பல மாவட்டங்களும் நகரங்களும் தங்கள் சொந்தச் சட்டங்களைக் கொண்டுவந்துள்ளன.

விளக்கு வெறும் வசதிப் பிரச்சினை அல்ல, சட்டப் பிரச்சினை என்பதை உறுதிசெய்த வழக்கு ஒன்றும் உண்டு. வொலூசியா மாவட்ட மன்றத்துக்கு எதிராக 1995-இல் தொடுக்கப்பட்ட அந்த வழக்கில், மனித மனுதாரர்களோடு பெருந்தலை ஆமையின் பெயரும் மனுதாரராக இடம்பெற்றது. கடற்கரையில் கார் ஓட்டுவதையும் கடலோர விளக்குகளையும் எதிர்த்தது அந்த வழக்கு. கார் ஓட்டத்தால் ஆமைகளுக்கு ஏற்படக்கூடிய தற்செயலான பாதிப்புக்கு மாவட்டம் கூட்டரசு அனுமதி பெற்றிருந்தது. அந்த அனுமதி விளக்குகளால் வரும் பாதிப்புக்குப் பொருந்தாது என்று 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

தகராறின் வேர் விளக்கு

இந்த வாதங்களை எல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. செடி இரண்டாவது திரை மட்டுமே; முதல் காரணம் அதற்குப் பின்னால் எரியும் விளக்கு. விளக்கு சரியாக இருந்தால், செடியின் உயரம் பற்றிய சண்டையின் வேகம் பாதியாகக் குறையும்.

ஃபுளோரிடா வனவிலங்கு அதிகாரிகள் மூன்று விதிகளைச் சொல்கிறார்கள்: விளக்கைத் தாழ்வாக வை, மூடி போட்டு வை, நீண்ட அலைநீள ஒளியைப் பயன்படுத்து. நீண்ட அலைநீளம் என்பது மஞ்சள் கலந்த ஆம்பர் அல்லது சிவப்பு ஒளி. ஆமைக் குஞ்சுகளை வெள்ளை, நீல ஒளியே அதிகம் ஈர்க்கிறது. படிக்கட்டுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் தேவையான வெளிச்சத்தைத் தரையை நோக்கி மட்டும் கொடுத்தால் மனிதருக்கும் குறையில்லை.

ஆனால், விளக்கை மாற்றியதால் செடி தேவையில்லை என்று முடிவு கட்டவும் முடியாது. நகரத்தின் மொத்த வெளிச்சம் வானில் பிரதிபலித்து ஒரு மங்கலான ஒளிப்படலமாக நிற்கும். ஒரு வீட்டு விளக்கை அணைப்பதால் அது மறையாது. அப்போது குஞ்சுகளுக்கு வழிகாட்ட எஞ்சியிருப்பது மணல்மேட்டின் கரிய நிழல் மட்டுமே.

எல்லாச் செடியும் நல்ல செடியா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கடற்கரையில் பச்சையாக எது வளர்ந்தாலும் ஆமைக்கு நல்லது என்பதில்லை.

சவுக்கு மரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மலாயில் 'ரு' எனப்படும் இந்த மரம் மலேசியக் கடற்கரைக்கு உரியது. ஆனால், ஃபுளோரிடாவில் அது வெளியிலிருந்து வந்து பரவிய தீங்கான மரம். மேலோட்டமாகப் படரும் அதன் வேர்களும் தடித்த சருகுப் படுகையும் ஆமை குழி தோண்டுவதற்குத் தடையாகின்றன. அதனால் அங்கே அதை அகற்றுகிறார்கள்.

தமிழ்நாட்டில் தகராறு வேறு வடிவம் எடுத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு அலைத் தடுப்பாகக் கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் நடப்பட்டன. சில இடங்களில் நாற்றுகள் உயர் அலைக்கோட்டுக்கு மிக அருகிலேயே நடப்பட்டதால், திறந்த மணலில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கு இடம் சுருங்கியது என்று ஆமை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஃபுளோரிடாவில் வெட்டுவது சிக்கல். அங்கே நட்டது சிக்கல்.

ஆமையின் இனமும் கணக்கில் வரும். பங்குனி ஆமையும் ஏழுவரி ஆமையும் திறந்த மணலைத் தேடும். அழுங்காமை செடிகளுக்கு அடியில், புதர் ஓரத்தில் முட்டையிட விரும்பும். அழுங்காமை வரும் கரையில் புதரை வழித்துச் சுத்தம் செய்வது அதன் பேறுகால அறையையே இடிப்பதற்குச் சமம்.

நிழலுக்கு இன்னொரு பங்கும் உண்டு. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 பாகை செல்சியஸில் இரண்டும் கலந்து பிறக்கும். அதைவிடச் சூடானால் பெண்களே பிறக்கும். மணலைக் குளிர்விக்கும் நிழலை அகற்றினால் இந்தச் சமநிலையும் பாதிக்கப்படலாம்.

மலேசியக் கரைகளில்

மலேசியக் கரைகளில் நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிட்டு வந்துள்ளன: பச்சை ஆமை, அழுங்காமை, பங்குனி ஆமை, ஏழுவரி ஆமை. இவற்றில் ஏழுவரி ஆமையின் கதை எல்லாருக்கும் தெரிந்த சோகம். திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950-களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 முட்டைக்குழிகள் இருந்தன. இன்று ஏழுவரி ஆமை அங்கே வருவது அரிதிலும் அரிது. முட்டைகளைப் பெருமளவு எடுத்ததும், மீன்பிடி வலைகளில் ஆமைகள் சிக்கியதும் முக்கியக் காரணங்கள். அங்கே முட்டைகளைப் பொரிக்க வைத்த இடங்களின் சூட்டால் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகவே பிறந்திருக்கக்கூடும் என்று பின்னர் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை அதிகம் வருவது மலாக்காவுக்கு. செடிகளை நாடும் அந்த ஆமைக்குக் கரையோரப் புதர் எவ்வளவு தேவை என்பதை விடுதி கட்டுவோரும் கடற்கரையைத் துப்புரவு செய்வோரும் நினைவில் வைக்க வேண்டிய மாநிலம் அது. சிங்கப்பூரில் கிழக்குக் கடற்கரைப் பூங்கா, சாங்கி ஆகிய இடங்களிலும் அழுங்காமை முட்டையிட்டிருக்கிறது. வானளாவிய கட்டடங்களின் வெளிச்சத்துக்கு நடுவே இருக்கும் அந்தக் கரைகளில் ஃபுளோரிடாவின் பிரச்சினை அப்படியே பொருந்தும்.

சட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை கடலாமையை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. நிலமும் மாநிலத்தின் பொறுப்பு. எனவே விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். திரங்கானுவின் ஆமைச் சட்டம் 1951-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2022 ஜூன் 1 முதல் எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனையும் அங்கே தடை செய்யப்பட்டது. முட்டை விற்பனையைத் தடுக்கும் சட்டம் முட்டையைக் காக்கும். அதிலிருந்து வரும் குஞ்சு கடலை அடைய, கரை இருட்டாகவும் இருக்க வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியவை

கடற்கரை ஓரம் வீடு, விடுதி, உணவகம் வைத்திருப்பவர்களும் சுற்றுலா செல்பவர்களும் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்:

• செடி வெட்டும் முன், அந்த நிலம் யாருடையது, அனுமதி தேவையா என்று ஊராட்சி மன்றத்திலும் மாநில மீன்வளத் துறையிலும் கேட்டறிய வேண்டும்.

• முட்டையிடும் பருவத்தில் வெட்டக்கூடாது. பருவம் இடத்துக்கு இடம் மாறும். தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் ஆண்டின் நடு மாதங்களே முக்கியமானவை.

• முழு வரிசையையும் ஒரே உயரத்தில் வெட்டாமல், கடலைப் பார்க்கத் தேவையான இடத்தில் மட்டும் கிளைகளைக் கழிக்கலாம். கைக் கருவியே போதும்; கனரக இயந்திரம் மணல்மேட்டையும் முட்டைக்குழியையும் நசுக்கிவிடும்.

• வெட்டும் முன் இரவில் மணலில் நின்று நிலப்பக்கம் பார்க்க வேண்டும். எந்த விளக்கு கண்ணுக்குத் தெரிகிறதோ, அது ஆமைக்கும் தெரியும். முதலில் அந்த விளக்கை மாற்ற வேண்டும்.

• கடலைப் பார்த்த சன்னல்களுக்கு இரவில் திரை போட்டால் உள்விளக்கின் வெளிச்சம் மணலில் விழாது.

• கடற்கரை நாற்காலிகளை மாலையில் எடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் தோண்டிய மணல் குழிகளை மூட வேண்டும். குஞ்சு விழுந்தால் ஏற முடியாது.

• கரையேறும் ஆமையைக் கண்டால் கைவிளக்கு, கைப்பேசி ஒளி எதையும் அதன்மீது அடிக்காமல், விலகி அமைதியாக நிற்க வேண்டும். முட்டைக்குழியைத் தொடாமல் இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு மாநில மீன்வளத் துறைக்குத் தகவல் சொல்வதே சரியான வழி.